இருபத்தொன்றாவது பொட்டு

முதல் முறை கார் சாவியைத் திருப்பியபோது மணி எட்டு பன்னிரண்டு. பானெட்டுக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு சரி. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே ‘டக்’. ஹார்னை அழுத்திப் பார்த்தேன். தெருக்கோடி நாய் எழுந்து நிற்கிற அளவுக்கு அடித்தது. விளக்கைப் போட்டால் ஷெட்டின் பின்சுவரில் இரண்டு வட்டங்கள் பளிச்சென்று விழுந்தன. எல்லாம் இருக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. மற்ற நாட்களில் எடுக்காமல் இருந்தால் நானும் அந்த வண்டியை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று பதினொரு மணிக்குத் தஞ்சாவூர் ரெவின்யூ கோர்ட்டில் நான் இருந்தாக வேண்டும். நான் மட்டும் இருந்தால் போதாது. என் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தவரும் என் பக்கத்தில் நிற்க வேண்டும். பதினான்கு மா நிலம், ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்காகப் பதினோரு வருஷம், நாற்பத்தாறு வாய்தா. இது நாற்பத்தேழாவது. எட்டு மா அவருக்கே சொந்தமாகப் போகட்டும், வாய்க்காலோரத்து ஆறு மா எனக்குத் திரும்பட்டும் என்று இருவரும் ஒருவழியாக ராஜிக்கு வந்திருந்தோம். அந்த ராஜி மனுவில் அதிகாரி முன்னால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரிக்கோ மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அன்று மதியத்தோடு பொறுப்பை ஒப்படைக்கிறார். இதற்கு முன் இரண்டு அதிகாரிகள் இப்படிப் போயிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவர் வழக்குக் கட்டை முதல் பக்கத்திலிருந்து பிரித்தார். எனக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. அதோடு இன்னொரு பதினொன்றைக் கூட்டிப் பார்த்தேன். வந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை.

எதையும் எண்ணுவது என் வழக்கம். முப்பத்துமூன்று வருஷம் ஓவர்சீயராக இருந்து, மதகில் தண்ணீர் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று காலையும் மாலையும் எழுதியவன் வேறு எப்படி இருப்பான்?

எட்டு இருபதுக்குக் குத்தகைக்காரர் வந்தார். சலவை வேட்டி, அதில் அவர் கட்சியின் கரை, கையில் துணிப்பை. பைக்குள் சாப்பாட்டுத் தூக்கும், குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் கருக்கரிவாளும் இருந்தன. போகும் வழியில் கொல்லனிடம் பல் வெட்டக் கொடுக்க வேண்டுமாம். அவருடைய அப்பா என் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். என் அப்பாவை ‘ஆண்டே’ என்று கூப்பிட்டவர். இவர் என்னை ‘சார்’ என்றார். வழக்குப் போட்ட பிறகு ஒன்றுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானும் முன்னெல்லாம் ‘வாப்பா, போப்பா’ என்றுதான் பேசினேன். வக்கீல் நோட்டீசில் அவர் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டு வந்ததைப் பார்த்த பிறகு எனக்கும் ‘வாங்க’ என்று வந்துவிட்டது. சண்டை போட்டுத்தான் எங்களுக்குள் மரியாதை வந்தது என்று சொல்ல வேண்டும்.

அவர் ஷெட் வாசலில் நின்று, திறந்திருந்த பானெட்டைப் பார்த்தார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. செல்ஃப் எடுக்கலை. இப்ப எடுத்துரும்.”

எட்டு நாற்பதுக்கு ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது. எங்கள் ஊரிலிருந்து பாபநாசம் வழியாகத் தஞ்சாவூருக்குப் போகிற பஸ். அதை விட்டால் அடுத்தது பதினொன்று ஐந்துக்கு. அவர் பையைத் தூக்கித் தோளில் போட்டார்.

“நான் வேணா பஸ்ல போயி அங்க நிக்கிறேன். நீங்க வண்டி கெளம்புனதும் வாங்க.”

“எதுக்கு? அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடலாம். உக்காருங்க.”

அந்த அஞ்சு நிமிஷத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. பஸ் போன சத்தம் தேயும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

பிறகு நான் முறைப்படி ஆரம்பித்தேன். பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து தண்ணீர் மட்டம் பார்த்தேன். ஆறும் சரியாக இருந்தது. டெர்மினல் இரண்டையும் கழற்றித் துடைத்து முடுக்கினேன். சாவியைத் திருப்பினால் ‘டக்’. செல்ஃப் மோட்டாரை ஸ்பேனர் முனையால் ஏழு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினேன். ‘டக்’. ஒவ்வொரு தடவையும் உள்விளக்கு மட்டும் மங்கிப் போய்த் திரும்ப எரிந்தது. ஏதோ ஒன்று இழுக்கிறது, ஆனால் இழுபடவில்லை.

“எர்த் பாத்தீங்களா?” என்றார்.

“எர்த்தெல்லாம் பூஜையன்னிக்கு நானே கழட்டித் தேச்சு மாட்டுனது. அதுல ஒண்ணும் இருக்காது.”

ஆயுத பூஜை முடிந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். பூஜையன்று நான்கு எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கியபோது ஒரே திருப்பலில் எடுத்தது. அதற்குப் பிறகு வண்டியை எடுக்க வேலையில்லை. மழையும் பிடித்துக்கொண்டது.

ஒன்பது மணிக்குத் தள்ளிப் பார்த்தோம். எங்கள் ஷெட் ரோட்டைவிட இரண்டடி தாழ்வு. வண்டியைப் பின்பக்கமாகச் சரிவில் ஏற்றினால்தான் ரோடு. என் மனைவியும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். மூன்று பேரின் வயதையும் கூட்டினால் நூற்றெழுபத்தைந்து. வண்டி ஏழடி ஏறியது. சேற்றில் டயர் வழுக்கி அதே ஏழடி இறங்கி வந்து நின்றது. இரண்டாம் தடவை ஐந்தடிதான். கூப்பிடுவதற்கு ஆளில்லை. ஊரே வயலில் இருந்தது. மழை விட்ட அந்த இரண்டு நாளைக்குள் அறுத்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம்.

“ஹேண்டில் போட்டுச் சுத்துங்களேன்” என்றாள் என் மனைவி, யோசிக்காமல்.

குத்தகைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற அந்த இரும்பு ஹேண்டில் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. வழக்கின் நான்காம் வருஷம், அவர் அறுப்புக்கு ஆள் இறக்கிய அன்று, நான் வரப்பில் போய் நின்றேன். கையில் அந்த ஹேண்டில் எப்படி வந்தது என்பதை இன்றும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. டிக்கியில் கிடந்தது, எடுத்தேன். யாரையும் அடிக்கவில்லை. தூக்கிக் காட்டினேன், ஒரு தடவைதான். அவர் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ஹேண்டிலை வாங்கி, அட்டை கட்டி, உள்ளே வைத்துவிட்டார். ஏழு வருஷமாக அது அங்கே சாட்சியாக இருந்தது.

“அது இருந்தா இந்நேரம் வல்லம் தாண்டியிருக்கலாம்” என்றேன். வல்லம் தஞ்சாவூருக்கும் அந்தப் பக்கம். எரிச்சலில் ஊர் தப்பாக வந்துவிட்டது.

“அது இல்லாததுக்குக் காரணம் நானா?” என்றார் அவர். “நான் என்ன, ஹேண்டிலைக் குடுங்கன்னா கேட்டேன்? நீங்கதான் கொண்டாந்து காட்டுனீங்க.”

“நீங்க புகார் குடுக்கலை?”

“பின்ன, மாலையா போடுவாங்க?”

என் மனைவி காபி போடப் போய்விட்டாள். இந்த மாதிரி இடத்தில் அவள் எப்போதும் அடுப்படிக்குத்தான் போவாள்.

அவர் ரோட்டில் ஏறி நடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். இருபத்திரண்டு நிமிஷம் கழித்துத் தோளில் துண்டைப் போட்டு, அதன்மேல் ஒரு பேட்டரியைச் சுமந்துகொண்டு வந்தார். டயர் கழற்றிப் போட்டுக் கிடந்த, அவர் மைத்துனருடைய டிராக்டரின் பேட்டரி. வெள்ளை வேட்டியில் ஆசிட் பட்டு, தொடைப் பக்கம் அரிக்க ஆரம்பித்திருந்தது. கோர்ட்டுக்கென்று சலவைக்குப் போட்டு வாங்கிய வேட்டி. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பேட்டரியை மாற்றினோம். சாவியைத் திருப்பினேன்.

‘டக்.’

மணி ஒன்பது ஐம்பது. அது பத்தொன்பதாவது ‘டக்’. எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். அறுப்புக் காலத்தில் ரோடு பாதி அகலம் நெல் காயும். ஐம்பது நிமிஷமாவது வேண்டும். என்னிடம் மீதமிருந்தது இருபது நிமிஷம்.

அவர் பானெட் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். என்னைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி கெளம்பலையா, உங்களுக்கு மனசு கெளம்பலையா?”

“என்ன பேச்சு இது?”

“இல்ல, பஸ்ஸுக்குப் போறேன்னேன், வேணாமுன்னீங்க. ஹாரன் அடிக்கிது, லைட்டு எரியிது, பேட்டரி மாத்துனாலும் வரலைங்கிறீங்க. எட்டு மா போவுதேன்னு ராத்திரி பூரா யோசிச்சிருப்பீங்க. அதிகாரி மாறிட்டா இன்னும் பத்து வருசம் இழுக்கலாம். அதுக்குள்ள யாரு இருக்கமோ, யாரு இல்லையோ. சொல்லுறதா இருந்தா மொகத்துக்கு நேரா சொல்லிருங்க. நான் அறுப்புக்காச்சும் போறேன். இன்னிக்குக் கூலியாளு ஒம்பது பேரு நிக்கிது.”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் எதற்கென்றால், அவர் சொன்னதில் பாதி நடந்திருந்தது. ராத்திரி நான் யோசித்துத்தான் இருந்தேன். பதினான்கில் எட்டைக் கழித்துக் கழித்துப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஆறுதான் வந்தது. ஆனால் காலையில் குளித்து, சட்டை போட்டு, சாவியைத் திருப்பியவனும் நான்தான். அதை எப்படி நிரூபிப்பது? வண்டி கிளம்பினால்தான் நிரூபணம்.

என் மனைவி காபி கொண்டுவந்தாள். எவர்சில்வர் டம்ளர், எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, ஒரே அளவு, ஒரே மாதிரி. அவர் அப்பாவுக்கு எங்கள் வீட்டில் கொட்டாங்கச்சியில் ஊற்றியதை நான் சின்ன வயதில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவருக்கு அதுகூடக் கொடுத்ததில்லை, ஏனென்றால் இவர் கேட்டு நின்றதே இல்லை. எங்கள் வீட்டு டம்ளரில் அவர் குடித்தது அன்றுதான் முதல் தடவை. அதையும் நின்றுகொண்டே, அவசரமாக, என்மேல் சந்தேகத்தோடு குடித்தார்.

“நல்லா இருக்கும்மா” என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

டம்ளரை வைத்துவிட்டு அவர் போயிருக்கலாம். ஏனோ இன்னொரு முறை குனிந்தார்.

“மொதல்லேருந்து பாக்குறேன். நீங்க தண்ணி வர்றதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. பேட்டரிலேருந்து மோட்டாருக்கு வருது, வருதுங்கிறீங்க. சரி. வடியிறதைப் பாத்தீங்களா? வடிகால் அடைச்சிக்கிட்டா மதகைத் தொறந்து என்ன ஆவப் போவுது? வயல்ல நிக்கும், அவ்வளவுதான்.”

“எர்த்தா? அதான் நானே தேச்சு…”

“நீங்க தேச்சீங்க, சரி. இன்னொருவாட்டி சாவியப் போடுங்க. நான் கைய வெச்சுப் பாக்குறேன்.”

மூன்று தடவை சேர்ந்தாற்போலத் திருப்பினேன். மூன்று ‘டக்’. அவர் கறுப்பு எர்த் ஒயரைப் பேட்டரி முனையில் தொட்டார், நடுவில் தொட்டார். அது வண்டியின் பாடியில் போல்ட்டால் முடுக்கியிருக்கிற முனைக்கு வந்ததும் கையை உதறினார்.

“சுடுது! இந்தா, இந்த எடம் மட்டும் சுடுது. மத்த எடமெல்லாம் சில்லுன்னு இருக்கு.”

நானும் தொட்டேன். சுட்டது. மின்சாரம் முட்டி முட்டி நின்று அந்த இடத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஏன்? அது நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடம். எட்டணா அகலத்துக்குத் தகரம் கண்ணாடி போல மின்னும்வரை தேய்த்தேன். அதற்குப் பிறகு…

அதற்குப் பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன்.

வண்டியைச் சுற்றி வந்து எண்ணினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சக்கரம் நான்கு, ஸ்டெப்னி ஒன்று, ஐந்து. விளக்கு ஆறு, பதினொன்று. கதவு நான்கு, பதினைந்து. ஸ்டியரிங், ஹார்ன், பதினேழு. பானெட், டிக்கி, கழற்றி வைத்த பேட்டரி, இருபது. பூஜையன்று நான் வைத்தது இருபத்தொரு பொட்டு. சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். கடைசிப் பொட்டுக்குக் குங்குமம் போதாமல் என் மனைவியிடம் இன்னொரு சிட்டிகை கேட்டு வாங்கியது ஞாபகம் வந்தது.

“இருபதுதான் இருக்கு” என்றேன்.

“என்ன இருவது?”

“பொட்டு. இருபத்தொண்ணு வெச்சேன்.”

என் மனைவி, “ஒண்ணு மழையில கரைஞ்சிருக்கும். இப்ப அதுவாங்க கவலை?” என்றாள்.

கரையவில்லை. அது எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தேய்த்த இடம் அவ்வளவு சுத்தமாக, வட்டமாக, நெற்றி மாதிரி இருந்தது. அதை வெறுமையாக விட மனம் வராமல், பெரிதாக ஒரு பொட்டை வைத்து, அதன்மேலேயே ஒயரை வைத்து முடுக்கியவன் நான். ஈரமாக இருந்தபோது வண்டி எடுத்தது. ஒன்பது நாளில் காய்ந்து கட்டியாகிவிட்டது. ஹார்னுக்கும் விளக்குக்கும் வேண்டிய கொஞ்சம் மின்சாரம் கசிந்து போனது. செல்ஃபுக்கு வேண்டியது போகவில்லை.

இதை அவரிடம் சொல்லாமல் இருக்க வழி உண்டா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ‘துரு ஏறியிருக்கு’ என்று சொல்லிவிட்டுத் துடைத்திருக்கலாம். ஆனால் குங்குமச் சிவப்பைத் துரு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதோடு, எனக்கு மனசு கிளம்பவில்லை என்று சொன்னவரிடம் இன்னொரு பொய்யைச் சேர்க்க எனக்குத் தைரியம் இல்லை. போல்ட்டைக் கழற்றினேன். ஒயர் முனையில் அப்படியே ஓர் அப்பளம் மாதிரி, மஞ்சளும் சிவப்பும் ஓரத்தில் பச்சைக் களிம்புமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

“நான் வெச்சதுதான்” என்றேன். “ஆயுத பூஜைக்கு.”

அவர் அதை வாங்கி விரலில் தேய்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“சந்தனம்” என்றார்.

“ஆமாம்.”

“நல்ல சந்தனம்.” பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. “எங்க கட்சிக்காரங்க கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கு வெச்சு சொன்னதை நீங்க வண்டியிலேயே செஞ்சு காட்டிட்டீங்களே சார்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பத்து நான்கு. உப்புத்தாள் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. அவர் பையிலிருந்து கருக்கரிவாளை எடுத்து, அதன் முனையால் தகரத்தையும் ஒயர் வளையத்தையும் சுரண்டினார். பல் மழுங்கிய அரிவாள்தான், ஆனால் சந்தனத்துக்குப் போதும். நான் முடுக்கினேன். இரண்டு சுற்று அதிகமாகவே முடுக்கினேன்.

இருபத்துமூன்றாவது திருப்பலில் வண்டி எடுத்தது. ஷெட் முழுக்கப் புகை. ஹார்னுக்கு எழுந்த நாய் மறுபடியும் எழுந்தது.

சரிவில் ஏறி ரோட்டைப் பிடித்தபோது பத்து பதினொன்று. வழியெல்லாம் நெல். ஓரமாக ஒதுங்கச் சொல்லி நான் ஹார்ன் அடிக்க, அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “கோர்ட்டு வண்டிம்மா, கொஞ்சம் பெருக்கி ஒதுக்கு” என்று ஒவ்வொரு களத்துக்காரியிடமும் கெஞ்சினார். அரிவாளைக் கொல்லனிடம் கொடுக்க நிறுத்தவில்லை. பதினொன்று எட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கோர்ட் வாசலில் இன்ஜினை அணைக்க எனக்குப் பயமாக இருந்தது. கையைச் சாவியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அணைங்க சார்” என்றார். “திரும்ப வரலைன்னா பஸ்ல போவோம். போறப்ப என்ன அவசரம்?”

எங்கள் வழக்கைப் பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அதிகாரி எட்டு நிமிஷத்தில் முடித்தார். நான் ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அவரும் ஐந்து. ஆசிட் பட்ட இடம் தெரியாமல் இருக்க அவர் பையைத் தொடையோடு அணைத்துக்கொண்டு நின்றார். பையிலிருந்து அரிவாள் பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்குக்குப் பெயர் கூப்பிடுகிற டவாலி அதைப் பார்த்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ராஜியின் ஏழாவது பிரிவுப்படி இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கொடுத்த புகார்களைத் திரும்பப் பெற வேண்டும். பதினாறு நாள் கழித்து அவரே ஸ்டேஷனுக்குப் போய், எழுதிக் கொடுத்து, ஹேண்டிலைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் நின்று “சார்” என்று கூப்பிட்டார். என் மனைவி கேட்காமலேயே இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள்.

சாக்கைப் பிரித்தேன். வண்டியின் முன்னால் போய் ஓட்டையில் செருகிப் பார்த்தேன். உள்ளே போனது, ஆனால் கொக்கி பிடிக்கவில்லை. திருப்பிப் போட்டேன். பிடிக்கவில்லை. டேப் எடுத்து வந்து அளந்தேன். என்னுடையது இரண்டடி ஒன்பது அங்குலம். இது இரண்டடி ஏழரை.

“இது என் ஹேண்டில் இல்ல” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தார். எழுத்தெல்லாம் அழிந்திருந்தது.

“அப்ப யாரோட ஹேண்டிலு?”

“எனக்கென்ன தெரியும்? இன்னொருத்தன் எவனோ எங்கேயோ வரப்புல நின்னு தூக்கிக் காட்டியிருப்பான்.”

“போயி மாத்திக் கேக்கவா?”

“கேட்டா என்னோடதுதான்னு நிரூபிக்கச் சொல்லுவான். அதுக்கு ஒரு வாய்தா, ரெண்டு வாய்தா.”

“வேண்டாம் சார்” என்றார் அவர் உடனே. “ஒன்றரை அங்குலந்தானே. விட்டுக் குடுத்துருங்க.”

அந்த ஹேண்டில் இன்னும் என் ஷெட்டில் மூலையில் நிற்கிறது. எந்த வண்டிக்கும் சேராது. ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறேன். எர்த்துக்கு வைப்பதில்லை. மொத்தம் இருபத்தொன்று.